வெண்டைக்காயின் நுனி

"தம்பி, ஒடிச்சு ஒடிச்சு வெச்சுட்டுப் போனா, அதையெல்லாம் நான் யார்கிட்ட விக்கறது?"

சேலம் சூரமங்கலம் உழவர் சந்தையில், காலை ஆறு மணிக்கு, ஒரு வெண்டைக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்றிருந்த என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதனால்தான் சுருக்கென்று பட்டது.

குவியலின் ஓரத்தில் நுனி ஒடிந்த காய்கள் ஏழெட்டுக் கிடந்தன. எல்லாம் என் கைவேலை. நுனி பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைவீதிக்குப் போன வயதில் கண்ணால் பார்த்துக் கற்றது. ஒடித்த காய் அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நாற்பத்தொரு வயதுவரை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"ஒடிச்ச இடம் பத்து மணிக்குள்ள கறுத்துப்போயிடும். கறுத்தத யாரும் தொட மாட்டாங்க. கடைசியில மாட்டுக்குத்தான்" என்றார் அக்கா, அடுத்தவருக்கு எடை போட்டபடியே.

ஒடித்தவற்றையெல்லாம் பொறுக்கி என் தட்டிலேயே போட்டேன். அரை கிலோ வாங்க வந்தவன் முக்கால் கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியதும், அம்மாவின் கை நேராக அந்த மூளிக் காய்களிடம்தான் போனது.

"எவனோ ஒடிச்சுப் போட்டதையெல்லாம் உன் தலையில கட்டிட்டாங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு முன் எங்கள் வீட்டில் காய்கறி வாங்குவது முழுக்க அம்மாவின் இலாகா. முப்பது வருஷம் அவள்தான் வாங்கினாள். முதலில் திருமணிமுத்தாற்றை ஒட்டிய ஆற்றோரத்துக் கடைகளில், பிறகு உழவர் சந்தையில். ஆறேழு வருஷத்துக்கு முன் முட்டி வலி வந்து, படியிறங்குவதே பாடாகிப் போனபோது பை என் கைக்கு வந்தது. மூன்று மஞ்சப்பை, ஒன்று கீரைக்கு, ஒன்று கனமான காய்க்கு, ஒன்று தக்காளிக்கு மட்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில் தடை வந்தபோதும் சரி, 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோதும் சரி, அம்மாவுக்கு அது செய்தியாகவே படவில்லை. மீண்டும் எடுப்பதற்கு அவள் எப்போது கீழே வைத்தாள்?

உழவர் சந்தை என்பதை இன்றைய இளவட்டங்கள் இன்னொரு மார்க்கெட் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அப்போது முதல்வராக இருந்தவர் கலைஞர் கருணாநிதி. பஞ்சாபின் அப்னி மண்டியும், அதே 1999 தொடக்கத்தில் ஆந்திரத்தில் வந்த ரைத்து பஜாரும் முன்மாதிரி. விளைவித்தவரே விற்க வேண்டும், நடுவில் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. சேலம் மாநகரில் மட்டும் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, தாதகாப்பட்டி என்று நான்கு இருக்கின்றன. கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையே தருகிறது. விற்க வருகிறவர் உண்மையில் விவசாயிதானா என்று நிலத்தையும் பயிரையும் பார்த்து, அதன்பிறகே போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். மண்டியில் மூட்டையாக எடுத்து இங்கே கொண்டுவந்து கூறு கட்டும் வியாபாரியைத் தடுக்கத்தான் அந்த அட்டை.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் இந்தச் சந்தை பிடிக்கவில்லை. காரணம், வாசலில் இருக்கும் விலைப் பலகை. ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய விலையை எழுதி வைத்துவிடுகிறார்கள். மண்டி விலையைக் காட்டிலும் ஏறத்தாழ 20 சதவீதம் கூட, வெளிக்கடை விலையைக் காட்டிலும் 15 சதவீதம் குறைய, இதுதான் கணக்கு. இரண்டு பேருக்கும் லாபம். ஆனால் பேரத்துக்கு இடமில்லை. "பேரம் பேசாம வாங்கறதுக்குப் பேரு சந்தையா? அது ரேஷன் கடை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். விலையில் கை வைக்க முடியாது, கொசுறில் வைக்கலாம். கறிவேப்பிலை ஒரு கொத்து, கொத்தமல்லி நாலு தண்டு, இரண்டு பச்சை மிளகாய். வாங்கும்போது அவள் கேட்க மாட்டாள். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பையை விரித்தபடி நிற்பாள், அவ்வளவுதான். எதிரே இருப்பவருக்குப் புரியும்.

எனக்கு அந்தப் பலகையை வாசிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பேப்பர் படிப்பது போல. ஐப்பசி மழை வலுத்தால் சின்ன வெங்காயம் ஏறும். கல்யாண முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் கத்திரியும் முருங்கையும் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நிற்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பலகைக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றது. யாரும் உள்ளே போகவில்லை, யாரும் திரும்பியும் போகவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் ரசத்துக்குப் புளி மட்டும்தான். அதே தக்காளி வேறு சில வருஷங்களில் பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஏறும்போது பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

வெண்டைக்காய் அக்காவிடம் நான் அடுத்த வாரமும் போனேன். வெட்கத்தால்தான் என்று நினைக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு, "நீங்களே பொறுக்கிப் போடுங்கக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஒடிக்காமப் பாக்கத் தெரியாதுங்களா?" என்று ஒரு காயைக் கையில் கொடுத்தார்.

சுணை இருக்கிறதா என்று தடவிப் பார். பிஞ்சுக் காயில் பூனை மீசை மாதிரி மெல்லிய சுணை இருக்கும், முற்ற முற்ற அது உதிர்ந்து மொழுக்கென்று ஆகும். கட்டைவிரலால் விளிம்பை லேசாக அழுத்து. விதை பாசிமணி மாதிரி விரலில் நெருடினால் வைத்துவிடு. காம்பு வெட்டிய இடம் பச்சையாக, ஈரமாக இருந்தால் நேற்றுச் சாயங்காலம் பறித்தது. காய்ந்து பழுப்பாக இருந்தால் அதற்கும் முந்தினது. முழு நீளத்தையும் இரண்டு விரலில் பிடித்து மெதுவாக வளைத்தாலே போதும், பிஞ்சு திமிறும். இவ்வளவுக்கும் ஒரு காயைக்கூட மூளி ஆக்கத் தேவையில்லை.

அந்தக் காயில் இருந்த சுணை என் விரலில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் அரித்தது. ஒரு காய்க்கே இப்படி. தாரமங்கலம் பக்கத்தில் அவருக்கு இருப்பது முக்கால் ஏக்கர், அதில் பாதி வெண்டை. முந்தின நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பறிக்க இறங்க வேண்டும். வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, கைக்குப் பழைய சாக்ஸ், விரல் பக்கம் வெட்டிவிட்டது. பறித்ததைக் கொட்டி, முற்றலையும் பூச்சிக்காயையும் கழித்து, ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டுப் படுத்தால் பத்து மணி. இரண்டரைக்கு எழுந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சந்தைக்கு வருகிற விவசாயிகளின் மூட்டைக்கு அரசு பஸ்ஸில் சுமைக் கட்டணம் இல்லை என்பது இந்தத் திட்டத்தின் நல்ல அம்சங்களில் ஒன்று. ஆனால் பஸ் அவருக்காகக் காத்திருக்காது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சே ஆகணுங்க தம்பி. சாவு விழுந்தாலும் சரி, கல்யாணம் வெச்சாலும் சரி, வெண்டைக்கு அதெல்லாம் தெரியாது."

பூ விரிந்து ஐந்தாறு நாளில் பறித்தால் காய். எட்டாம் நாள் நார். பத்தாம் நாள் விறகு. பறிக்காமல் விட்ட காய் செடியின் சத்தையெல்லாம் விதைக்கு இழுத்துக்கொள்ளும், புதுப் பிஞ்சு வருவது குறைந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கலைந்து, முனகிக்கொண்டே ஆறு மணிக்கு வந்து, பட்டென்று ஒடியாத காயை வைத்துவிட்டுப் போகிறேனே, அந்தக் காய் ஒடியாததற்குக் காரணம் சில சமயம் ஒரு சாவு வீடாக இருக்கலாம். இதை யாரிடமாவது சொன்னால் ரொம்ப யோசிக்கிறாய் என்பார்கள். இருக்கட்டும்.

அப்புறம், அம்மாவின் பரீட்சை.

பை வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூடத்தில் பேப்பரை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். முதல் ஒரு வருஷம் நான் பாஸான நாள் குறைவு. கத்திரிக்காயில் நான் தோற்ற தோல்வி சொல்லி மாளாது. பளபளப்பைப் பார்த்து வாங்கி வருவேன். அவள் காம்பைத்தான் பார்ப்பாள். காம்புக் குல்லாய் பச்சையாக இருந்து, முள் விரலில் குத்தினால் புதுசு. கையில் எடுத்தால் பார்த்த அளவுக்குக் கனக்கக் கூடாது, கனத்தால் உள்ளே விதை. ஓட்டை இருந்தால்? நான் ஓட்டைக் காய் என்றாலே பாம்பைக் கண்டது போலப் பின்வாங்குவேன். "அந்த ஓட்டை புழு வெளிய போன வழிடா. உள்ள போன வழி கண்ணுக்கே தெரியாது" என்பாள். வேளாண்மைக்காரர்கள் சொல்வதும் இதேதான். காய்ப்புழு குட்டியாக இருக்கும்போதே துளைத்து நுழைந்துவிடும், அந்தத் துளை மூடிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய ஓட்டை அது தின்று கொழுத்து வெளியேறியது. அதற்காக ஓட்டைக் காயை வாங்கலாம் என்று அர்த்தமில்லை, ஓட்டை இல்லாத காயை அதிகம் நம்பாதே என்று அர்த்தம்.

பீர்க்கங்காய் வரப்பு கையைக் கிழிக்கிற மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். எவ்வளவு விறைப்பாக இருந்தாலும், நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவாள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. சுரைக்காய்க்கும் அதே சட்டம். அந்தக் கசப்பு வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும், சமைத்தாலும் போகாது. புடலங்காய் நேராக இருப்பதைப் பார்த்து ஒருமுறை நான் மெச்சினேன். அது பிறவியிலேயே நேர் இல்லை, பிஞ்சில் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்கியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

கீரைதான் பெரிய பாடம். கீரையை ஆறரை மணிக்குள் வாங்க வேண்டும், அதற்கப்புறம் கிடைப்பது கீரையின் படம். வேரோடு பிடுங்கிய கட்டா, தண்டை அறுத்த கட்டா என்று பார். வேரில் மண் ஈரமாக ஒட்டியிருந்தால் நல்லது. கட்டின் வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்துத் தளதளவென்று இருக்கும், நடுவில் விரலை விட்டுப் பார், சூடாக இருந்தால் அவிந்துகொண்டிருக்கிறது. இலையில் ஒன்றிரண்டு பொத்தல் இருந்தால் அம்மாவுக்குச் சந்தோஷம். பூச்சி தின்னாததை நாம் ஏன் தின்ன வேண்டும் என்பது அவள் கட்சி. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சந்தையின் மூலையில் சாக்கை விரித்து ஓர் ஆயா உட்கார்ந்திருப்பார், அவரிடம்தான் சுக்குட்டிக் கீரையும், வயலில் தானாக முளைத்த பண்ணைக் கீரையும், குப்பைக் கீரையும் கலந்து ஒரே கட்டாகக் கிடைக்கும். மணத்தக்காளியை எங்கள் பக்கம் சுக்குட்டி என்போம். அந்தக் கலவைக் கட்டு என்றைக்கு இருக்கும், என்றைக்கு இருக்காது என்பது ஆயாவுக்கே தெரியாது. கிடைத்த அன்று எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை, களியும் கடைசலும்தான்.

மண்சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், ஒரு நாட்டுத் தக்காளி, மேலே கீரை. மூடி போடாமல் வேக வைக்க வேண்டும், மூடினால் பச்சை செத்துவிடும். வெந்ததும் தண்ணீரைத் தனியாக இறுத்துவிட்டு, மத்தைப் போட்டுக் கடைந்து, இறுத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மிக்சியில் அடித்தால் ஒரு நிமிஷம்தான். அடித்துப் பாருங்கள், பச்சைப் பசை கிடைக்கும், கடைசல் கிடைக்காது. ராகிக் களியை உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணி, அதில் கடைசலை ஊற்றினால், பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிகூட லீவுக்கு வந்த முதல் நாள் இதைத்தான் கேட்கிறான். அங்கேயும் களி உண்டு, கீரைதான் இல்லையாம்.

குச்சிக்கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் சேலத்துக் காய்கறியைப் பற்றிப் பேச முடியாது. மற்ற ஊரில் மரவள்ளி என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் மலாயா, சிங்கப்பூர் ஜவ்வரிசி வருவது நின்றுபோனதும், 1943 வாக்கில் சேலத்துக்காரர்கள் இந்தக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இது எங்கள் ஊர்த் தொழில். ஆலைக்காரர்களின் கூட்டுறவான சேகோசர்வ் 1981-இல் வந்தது, சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. ஆத்தூர் ரோட்டில் போனால் களம் களமாக வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும். இத்தனை இருந்தும், அவித்துத் தின்ன நல்ல கிழங்கு வாங்குவது லேசில்லை. ஆலைக்குப் போகிற ரகங்களில் கசப்புள்ளவை உண்டு, அதனால் "திங்கற கிழங்குங்களா?" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டாலும் போதாது. தோண்டி இரண்டு மூன்று நாளானால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓட ஆரம்பித்துவிடும். வெளித்தோல் அப்படியேதான் இருக்கும். நுனியில் ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல், வெள்ளையாக, பால் கசிகிற மாதிரி இருந்தால் எடு. இங்கே மட்டும் விற்பவரே ஒடித்துக் காட்டுவார். வெண்டைக்காய்க்குக் கூடாதது கிழங்குக்கு மரியாதை. அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில்தான் விஷத்தன்மை இறங்கியிருக்கும்.

மாம்பழத்தில் ஏமாந்தேன் என்றால் சேலத்தில் சிரிப்பார்கள், ஆனால் ஏமாந்தேன். ஒரு சித்திரை மாதம், ரோட்டோரத் தள்ளுவண்டி ஒன்றில் பொன்னாட்டம் மின்னிய மல்கோவா நாலு கிலோ. சந்தையில் அன்று பழம் இல்லை, காயாகத்தான் இருந்தது, எனக்குப் பொறுமையும் இல்லை. வீட்டில் அறுத்தால் மேலே மஞ்சள், உள்ளே வெளிர், வாயில் புளிப்பு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தப் பழத்துக்கு என்ன வைத்தார்களோ, அம்மா ஒரு துண்டைக்கூட யாரையும் தின்ன விடவில்லை. நாலு கிலோவும் போனது.

அதிலிருந்து நாங்கள் காயாகத்தான் வாங்குகிறோம். சேலம் குண்டு, இமாம்பசந்த், மல்கோவா, ஊறுகாய்க்கும் பச்சையாகத் தின்னவும் கிளிமூக்கு. காம்போடு இருக்க வேண்டும், தோள் இரண்டும் காம்பைத் தாண்டிப் புடைத்திருந்தால் முற்றிய காய். அரிசிப் பானையில் ஒரு வரிசை, வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு வரிசை. ஐந்தாவது நாள் வீட்டுக்குள் நுழையும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த ஐந்து நாள் காத்திருப்புதான் அந்தப் பழத்தின் பாதி ருசி என்று நான் சொன்னால், மீதிப் பாதி காய் பொறுக்கினவள் கைராசி என்பாள் அம்மா. காய் பொறுக்கினது நான்.

ஏற்காட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவோம். 20 கொண்டை ஊசி வளைவு, வண்டியில் யாராவது ஒருவருக்கு வாந்தி. மேலே ரோட்டோரத்தில் மலைக்காரர்கள் சின்னச் சின்னதாகக் கடை வைத்திருப்பார்கள். பேரிக்காய், கமலா ஆரஞ்சு, கொய்யா, மிளகு, காப்பிக்கொட்டை, பட்டர் ஃப்ரூட். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த மலைக்குக் காப்பியும் பேரியும் கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த கதை. பட்டர் ஃப்ரூட்டில் ஒரு விஷயம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அது மரத்தில் பழுக்காது. முற்றியதைப் பறித்துக் கீழே வைத்தால்தான் பழுக்கும். அதனால் மெத்தென்று இருப்பதைத் தேடி எல்லாவற்றையும் அமுக்கிப் பார்க்க வேண்டாம், கல்லு மாதிரி இருப்பதை வாங்கி நாலு நாள் வைத்தால் போதும். அமுக்கின இடம் உள்ளே கறுத்துவிடும். இதைச் சொன்ன மலைக்கார அண்ணனின் முகத்தில் வெண்டைக்காய் அக்காவின் அதே சிரிப்பு. பேரிக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டே இறங்கினால் வளைவுகூடத் தெரியாது.

இடையில் கொஞ்ச நாள் போனில் ஆர்டர் போட்டும் வாங்கிப் பார்த்தோம். மனைவிக்குக் காலை ஷிப்ட், எனக்கும் சந்தை நேரத்தில் வேலை, வேறு வழியில்லை. பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கீரை பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துப்போய் வந்தது. அம்மா அதை எடுத்து ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள். "யாரு குடுத்தா?" என்றாள். பெயரைச் சொன்னேன். "அது இல்லடா. யாரு குடுத்தா?" என்றாள் மறுபடி. என்னிடம் பதில் இல்லை.

மார்கழி வந்தால் சந்தையில் என் நடையே மாறிவிடும். பிதுக்கம்பருப்பு மாதம் அது. மொச்சை, அவரைக்கொட்டை எல்லாம் பச்சைக் காயாக மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கொட்டை திரண்டு, தோல் மேல் புடைத்துத் தெரிகிற காயாகப் பார்த்து, மூன்று கிலோவாவது வாங்க வேண்டும். உரித்தால் பாதிகூடத் தேறாது. உரித்த கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாக இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போய் விழும். ஒரு குழம்புக்கு ஆயிரம் தடவை பிதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் பருப்பைப் பூனை மேல் குறிபார்த்து அடிப்பான், அம்மா திட்டுவாள், அவளுடையதும் ஒன்று துள்ளி டிவிக்கு அடியில் போகும். உரித்த பருப்பையே பாக்கெட்டில் விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. வாங்கினால் மார்கழியில் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் என்ன செய்வது என்று தெரியாது.

வெண்டைக்காய் அக்கா போன ஆடியில் மூன்று வாரம் வரவில்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், ஊரே பண்டிகையில் இருக்கிறது, அதனால் வரவில்லை என்று நினைத்தேன். நான்காவது வாரம் வந்தார். ஆள் இளைத்திருந்தார். கூடையில் காய் குறைவு, முக்கால்வாசி முற்றல். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததாகவும் இப்போது தேவலை என்றும் சொன்னார். பதினோரு மணி, சந்தை முடிகிற நேரம். பலகை விலையை யாரும் பார்ப்பதில்லை அப்போது, மிச்சத்தைக் கூறு வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள்.

நான் பையை விரித்தேன். இருந்ததையெல்லாம் போடச் சொன்னேன்.

"இது வேகாதுங்க தம்பி" என்றார். காசும் வாங்க மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் நல்லதாக இருந்த கால் கிலோவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, அடியிலிருந்து பழுப்பேறி வெடிக்கப்போகிற இரண்டு நெற்றை எடுத்து மேலே வைத்தார். "அம்மாகிட்ட குடுங்க. மாடியில தொட்டி இருக்குன்னு சொன்னீங்களே."

இத்தனை வருஷத்தில் அவரிடம் வாங்கிய ஒரே கொசுறு அதுதான். அவர் தந்து, நான் கேட்காமல்.

அம்மாவுக்கு இப்போது முட்டி கொஞ்சம் பரவாயில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுகிறாள். நெற்றை உடைத்து விதையை ஒருநாள் ஊறவைத்து மூன்று தொட்டியில் ஊன்றினாள். ஐந்தாம் நாள் முளைத்தது. ஒன்றரை மாதத்தில் பூ, மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. இவ்வளவு அழகான பூவை விட்டுவிட்டுக் காயை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோமே என்று மனைவி சொன்னாள். அம்மா நாள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

ஆறாம் நாள் காலை அவளுக்குப் பின்னால் நானும் மாடிக்குப் போனேன். விரல் நீளத்துக்கு ஒரே ஒரு காய், உடம்பெல்லாம் சுணை. அம்மா குனிந்து அதைச் செடியிலிருந்து கிள்ளினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, என்னால் தடுக்க முடிவதற்குள், நுனியைப் பட்டென்று ஒடித்தாள்.

"பிஞ்சு" என்றாள், என்னிடம் நீட்டியபடி.